சாக்கெட் சேர்ந்தால் மட்டும் போதாது: முதல் டெஸ்க்டாப்புக்குப் பாகங்கள் தேர்ந்தெடுத்த அனுபவம்

பாகங்கள் எல்லாம் முடிவாகி, மாட்டி, சிஸ்டம் ஓடவும் ஆரம்பித்துவிட்டது. எதை எதனால் எடுத்தேன், எதை ஏன் தள்ளினேன் என்று எழுதி வைக்கிறேன், முதல்முறை சொந்தமாக அசெம்பிள் செய்கிறவர்களுக்கு உதவும். ஸ்குரூ முடுக்குவதெல்லாம் பெரிய வேலையே இல்லை. நேரம் முழுக்கப் போனது ஒன்றோடு ஒன்று சேருமா என்று பார்ப்பதில்தான்.

பிராசசர் ஏஎம்டி ரைசன் 5 7600. அது போர்டில் உட்காரும் இடமான சாக்கெட் ஏஎம்5. 2022-ல் வந்த இந்த சாக்கெட்டில் டிடிஆர்5 தலைமுறை ரேம் மட்டும்தான் வேலை செய்யும், அதனால் இதை முடிவு செய்த உடனே ரேம் விஷயமும் பாதி முடிந்துவிட்டது. இன்டெல் பக்கம் எல்ஜிஏ 1700-ஐயும் பார்த்தேன், 12, 13, 14-ஆம் தலைமுறை மூன்றும் அதில் உட்காரும், ஆனால் அதே சாக்கெட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரைப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று தோன்றும். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான், ஆனால் கீழே இருக்கும் வெட்டு கொஞ்சம் தள்ளி இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் இறங்காது. அங்கே எடுப்பதாக இருந்தால் போர்டின் முழுப் பெயரையும் கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அதே வரிசையில் இருக்கும் 7500எஃப் பிராசசரை எடுக்காததற்குக் காரணம் அதில் கிராபிக்ஸ் இல்லை. கிராபிக்ஸ் கார்டைப் பிறகு வாங்கலாம் என்று இருக்கிறேன், அதுவரை மானிட்டரில் படம் வர வேண்டுமே. 7600-க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது, கேம் ஆட அது பற்றாது, மற்ற வேலைக்குத் தாராளம்.

அடுத்தது மதர்போர்டு. இங்கேதான் நான் ரொம்ப நேரம் நின்றேன். சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள், அது பாதிதான் சரி. ஏஎம்5-க்கான பி650 போர்டுகள் 2022 அக்டோபரில் வந்தவை, ரைசன் 9000 வரிசை வந்தது 2024 ஆகஸ்டில். பழைய பயாஸோடு (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பெட்டிக்குள்ளேயே கிடந்த ஒரு பி650 போர்டில் அந்த வரிசையின் 9600எக்ஸைப் போட்டால் அழகாக உட்காரும், லீவரும் மூடும், ஃபேனும் சுற்றும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. தயாரிப்பாளரின் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் பிராசசர் பட்டியல் இருக்கும், எந்த பிராசசருக்கு எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்று அதில் நேராகப் போட்டிருப்பார்கள். போர்டு எடுக்கும் முன் நான் பார்த்த முதல் விஷயம் அதுதான். இரண்டாவது, பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்பது. அது இருந்தால் பிராசசர் இல்லாமலே பயாஸை ஏற்றலாம்: ஃபேட்32 பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, பவர் மட்டும் கொடுத்து பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக்கி மினுக்கி முடியும். நாளைக்கு இதே போர்டில் புது பிராசசர் போடும் எண்ணம் இருப்பவர்கள் இந்தப் பட்டனை விட்டுக்கொடுக்காதீர்கள், கலர் விளக்கையெல்லாம் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம்.

ரேம் 16 ஜிபி இரண்டு, 6000 வேகம், எக்ஸ்போ (ரேமை அதற்குச் சொன்ன வேகத்துக்கு பயாஸில் ஒரே அடியாக ஏற்றும் வசதி) உள்ளது. நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று 8 ஜிபியில் நாலு வாங்க வேண்டாம். ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்வது இரண்டு ரேம் குச்சிக்கு 5200, நாலு போட்டால் 3600. 6000 என்பதே எக்ஸ்போவை ஆன் செய்தால் கிடைக்கும் ஓவர்கிளாக்தான், அதாவது அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்டுவது, நாலு குச்சியோடு அதை எட்டுவது கஷ்டம். போடும் இடம் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும்.

எஸ்எஸ்டி எம்.2 2280, அதாவது 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். எம்.2 என்பது வடிவம் மட்டும்தான், சாட்டா என்ற பழைய இணைப்பு முறையில் ஓடும் எம்.2-ம் இருக்கிறது, பல புதுப் போர்டுகளின் ஸ்லாட் அதை எடுப்பதில்லை. அதைவிட வேகமான முறையான என்விஎம்இ என்று பார்த்து வாங்கினேன்.

எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் கணக்கு சுலபம். 7600 அதிகபட்சம் 88 வாட் இழுக்கும், பிறகு வாங்க நினைக்கும் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டுக்கு 115 வாட், மற்றதெல்லாம் சேர்ந்தாலும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் தாங்கும். கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று 650 எடுத்தேன். இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: மாடுலர் கேபிளில், அதாவது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தும் கழற்றி மாட்டக்கூடிய கேபிளில், எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது அளவுகோல் கிடையாது. வேறு கம்பெனியின் பழைய கேபிள் கச்சிதமாக நுழையும், ஆனால் உள்ளே வயர் வரிசை வேறாக இருந்தால் டிரைவ் எரிந்துபோகும். பெட்டியோடு வந்த கேபிளைத் தவிர எதையும் மாட்டாதீர்கள்.

கேபினட்டுக்குப் போர்டின் அளவு, கார்டின் நீளம், கூலரின் உயரம் பார்த்தால் போதும். என்னுடையது மைக்ரோ ஏடிஎக்ஸ், 244-க்கு 244 மிமீ. பிராசசரோடு வந்த கூலரையே மாட்டினேன், அது ஸ்குரூவில் நிற்பது, அதனால் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளையும் முதலில் கழற்ற வேண்டும். ஏஎம்4-ல் அப்படிக் கழற்றினால் பின்னால் இருக்கும் தகடும் கழன்று விழும், ஏஎம்5-ல் அது சாக்கெட்டோடு பிடித்திருப்பதால் அப்படியே நிற்கிறது. நல்ல மாற்றம்.

முதல்முறை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் என்று எழுதிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். டிடிஆர்5 ரேமைப் போர்டு பழக்கிக்கொள்ளும் நேரம் அது, சில நிமிஷம்கூடப் போகலாம், நடுவில் ஆஃப் செய்யக் கூடாது. எனக்கும் அப்படித்தான் இருந்தது, அப்புறம் பயாஸ் திரை வந்தது, ரேம் 4800-ல் ஓடுவதாகக் காட்டியது. எக்ஸ்போவை ஆன் செய்து 6000-க்கு ஏற்றியிருக்கிறேன். இப்போது மெமரி டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, பிழை எதுவும் வராமல் முடிந்தால் அப்படியே விட்டுவிடுவேன், வந்தால் 5600-க்கு இறக்கித் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும்.