பெரியப்பாவின் வலது தோள்

சென்ற ஐப்பசியில் சேரன்மகாதேவிப் படித்துறையில் பாசி வழுக்கி, பெரியப்பா வலது கையை ஊன்றி விழுந்தார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவியே மூன்று மாதங்களைக் கடத்திவிட்டோம். அதற்குள் அவர் கொடியில் துண்டைப் போடுவதற்கு இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கப் பழகியிருந்தார். "வலி பெருசா ஒண்ணுமில்லடே, கைதான் ஏற மாட்டேங்கு" என்று அவர் சொன்னபோதே நாங்கள் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

தோள் மூட்டில் கை எலும்பின் பந்து போன்ற தலையை உறைபோல் சுற்றி, நான்கு தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்களை ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். கை உயரும்போது அந்தப் பந்தைத் தோள்பட்டை எலும்பின் கிண்ணம் போன்ற குழியின் நடுவில் நிறுத்திவைப்பது அவைதான். பெரியப்பாவுக்கு அவற்றில் இரண்டு, எலும்பிலிருந்து பிய்ந்து உள்ளே சுருங்கியிருந்தன. பாளையங்கோட்டை மருத்துவர் எம்.ஆர்.ஐ. படத்தில், கருஞ்சாம்பலாக இருக்க வேண்டிய தசைக்குள் வெள்ளைக் கீற்றுகள் ஓடுவதைக் காட்டினார். அது கொழுப்பு. இழுப்பதற்கு ஏதுமற்ற தசை மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறுகிறது; பிறகு நாணைத் தைத்தாலும் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இவ்வளவு கொழுப்பு மூன்று மாதத்தில் சேராது, வயதால் நைந்த பழைய கிழிசல் ஒன்று விழுவதற்கு முன்பே இருந்திருக்கும் என்றும் அவர் சொன்னார். எங்கள் குற்ற உணர்வு சற்றே குறைந்தது.

கிழிந்ததைத் தைத்துவிடலாமே என்றுதான் நானும் கேட்டேன். தசை நன்றாக இருந்து, விழுந்த சில வாரங்களுக்குள் வந்திருந்தால், சிறு துளைகள் வழியாக நாணை எலும்போடு சேர்த்துத் தைப்பதே முதல் வழி. அதன்பின் நான்கு முதல் ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் வைத்திருக்க வேண்டும். ஆனால் பெரிய கிழிசலும் முதுமையும் சர்க்கரையும் சேர்ந்தால் தையல் மறுபடி விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். முதுகுத் தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்துவது, உழைத்தாக வேண்டிய இளையவர்களுக்கானது. ஸ்டீராய்டு ஊசி வலியைக் கொஞ்ச காலம் அடக்கும். நாணை ஒட்ட வைக்காது.

மீதமிருப்பது ரிவர்ஸ் மூட்டு மாற்று. பிரான்ஸின் எலும்பு மருத்துவர் பால் கிராமோன் 1980களில் உருவாக்கிய இந்த முறையில் பந்து தோள்பட்டை எலும்புக்கும் கிண்ணம் கை எலும்புக்கும் இடம் மாறுகின்றன. நாண்கள் இல்லாமலேயே, தோளை மூடிய டெல்டாய்டு தசை கையைத் தூக்கிவிடுகிறது. எழுபத்தொரு வயதில் இதுவே பொருத்தம் என்று எனக்குத் தோன்றியது. மூட்டு இன்னும் தேயாததால் முதலில் பயிற்சி போதும் என்றார் மருத்துவர்.

அதன்படி பெரியப்பா தினமும் மல்லாந்து படுத்து, முதலில் வெறும் கையையும் பின்னர் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் உத்தரத்தை நோக்கித் தூக்குகிறார். வாரம் செல்லச் செல்ல முதுகுக்குக் கீழே தலையணைகள் கூடுகின்றன. இப்போது திருநீறு பூசக் கை நெற்றிவரை வருகிறது. கொடி எட்டவில்லை. அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம் முடிந்ததும் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். வடம் பிடிக்கலாமா என்று பெரியப்பா கேட்டதற்கு, "தொட்டுக் கும்பிடுங்க ஐயா, இழுக்க வேண்டாம்" என்றார் மருத்துவர்.