குவாட்ராவின் பெயர்: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜூலை 6

பழைய டிரங்குப் பெட்டியை ஒழிக்கும்போது என் கப்பல் காலத்துக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. செகண்ட் மேட்டாக (கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரியாக) இருந்தபோது வான்கூவரில் பொட்டாஷ் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தோம், அந்தப் பயணத்தின் குறிப்பு. விக்டோரியா அருகே பைலட், அதாவது உள்ளூர்க் கடலில் வழிகாட்டுபவர், ஏறியதிலிருந்து கடந்துபோன பெயர்களை ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்: ஹாரோ நீரிணை, சான் ஹுவான், சாட்டர்னா, கலியானோ. பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: "இங்கே ஏன் இத்தனை ஸ்பானியப் பெயர்?"

அதை எழுதியதே மறந்துபோயிருந்தது. இப்போது ஓய்வில் இருக்கிறேன், நேரம் கிடக்கிறது. இரண்டு வாரமாகத் தேடிப் படித்ததில் ஓர் ஆள் மனதில் உட்கார்ந்துகொண்டார். ஹுவான் பிரான்சிஸ்கோ டி லா போடேகா இ குவாட்ரா, ஸ்பானியக் கடற்படை அதிகாரி. அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க இங்கே எழுதிக்கொண்டு போகிறேன்.

ஜூலை 9

பிறந்தது ஸ்பெயினில் இல்லை, பெருவின் லிமா நகரத்தில், 1744-ல். பெற்றோர் வழியில் ஸ்பானியர்தான், ஆனால் பிறந்த மண் அமெரிக்கா. இப்படிப்பட்டவர்களைக் கிரியோலோ என்பார்கள். காடிஸ் கடற்படைக் கல்லூரியில் படித்து 1767-ல் அதிகாரியானார். அங்கிருந்து மெக்சிகோவின் பசிபிக் கரையில் இருந்த சான் பிளாஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். 1768-ல்தான் உருவான துறை அது. சதுப்பும் கொசுவும் காய்ச்சலும் நிறைந்த இடம்.

வடக்கே அலாஸ்கா பக்கம் ரஷ்யர்கள் இறங்கிவருகிறார்கள் என்ற பயத்தில் 1775-ல் மூன்று கப்பல்கள் கிளம்பின. தலைமை ப்ரூனோ டி ஹெசெட்டாவுக்கு. இன்னொரு கப்பல் மன்ரிகேவுக்கு, மூன்றாவது ஐயாலாவுக்கு. போடேகாவுக்குக் கப்பல் கிடைக்கவில்லை. தகுதி இருந்தும் பிறந்த இடம்தான் குறுக்கே நின்றது என்பது என் எண்ணம். அவர் முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை. இருப்பதிலேயே சின்னதான சொனோராவில் இரண்டாம் ஆளாக வருகிறேன் என்று தானே கேட்டு ஏறினார்.

கரையை விட்டுக் கொஞ்ச நாளிலேயே மன்ரிகேவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அவர் கப்பலுக்கு ஐயாலாவை மாற்றினார்கள். சொனோரா போடேகாவின் கைக்கு வந்தது. அப்போது வயது முப்பத்தொன்று.

ஜூலை 14

இன்றைய தேதிக்கு 1775-ல் நடந்தது. இதைப் படித்த இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

இப்போதைய வாஷிங்டன் மாநிலக் கரை, கிரென்வில் முனை. காலையில் ஹெசெட்டா ஆயுதம் தாங்கிய ஆட்களோடு இறங்கிச் சிலுவை நட்டு, இந்த நிலம் ஸ்பெயின் மன்னருக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினார். கொஞ்சம் தள்ளி நின்ற சொனோராவிலிருந்து, தண்ணீரும் விறகும் எடுத்துவர ஏழு பேர் படகில் போனார்கள். முந்தின நாள் வரை மீன் கொண்டுவந்து பண்டமாற்று செய்த அதே மக்கள்தான் கரையில் இருந்தார்கள். படகு மணலில் தட்டியதும் காட்டுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கானோர் பாய்ந்தார்கள். ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

சொனோராவில் இருந்ததே அந்த ஒரு படகுதான். கரையில் நடப்பதைக் கப்பலில் நின்று பார்க்க முடிந்தது. சுட்டால் குண்டு எட்டாது, போக வேறு படகு கிடையாது. நானும் தளத்தில் நின்று, கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஓர் ஆளைக் கடலுக்குக் கொடுத்தவன். அந்த நிமிடத்தில் கை எதையாவது பிடித்து இழுக்கத் துடிக்கும், பிடிக்க ஒன்றும் இருக்காது.

அந்தக் கரை க்வினால்ட் மக்களுடையது. அன்று காலை தங்கள் நிலத்தில் யாரோ வந்து சிலுவை நட்டதை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொண்டார்களோ. செத்த ஏழு பேருக்காக வருந்தும்போதே இதையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

ஜூலை 30

இன்று வாசல்படியிலிருந்து கிணறு வரைக்கும் நாடாவைப் பிடித்து அளந்தேன். 36 அடி வரும் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்தேன். சொனோராவின் நீளம் சுமார் அவ்வளவுதான். அதற்குள் இருபதுக்குக் கொஞ்சம் குறைவான ஆட்கள், மாதக்கணக்கில் சாப்பாடு, தண்ணீர்ப் பீப்பாய்கள். அதிகாரியின் அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரத்தான் முடியும். செங்கல்லுக்கும் வாசலுக்கும் நடுவே நின்று பார்த்தேன். பேத்தி வந்து என்ன தாத்தா பண்றீங்க என்றாள். ஒரு கப்பல் என்றேன். இவ்ளோதானா என்றாள்.

1775-ல் இதே இரவை ஒட்டித்தான் சொனோரா ஹெசெட்டாவின் கப்பலைவிட்டுப் பிரிந்தது. ஹெசெட்டாவின் ஆட்களிடையே, வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் பரவி, திரும்பிவிடலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. போடேகாவும், சொனோராவின் வழி கணிக்கும் பைலட் மௌரெலேயும் வடக்கே போய்த் தீருவது என்று முடிவு செய்தார்கள். ஏழு பேரை இழந்து, பாதி நோயாளிகளை வைத்துக்கொண்டு எடுத்த முடிவு. நான் அந்த இடத்தில் இருந்தால் தெற்கே திருப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 18

வடக்கே அட்சரேகை 58 பாகையையும் தாண்டினார்கள். வழியில் இன்றைய சிட்கா பக்கத்தில் தண்ணீருக்கு ஒதுங்கிய இடத்தில் வழக்கப்படி சிலுவை நட்டார்கள். அவர்கள் கப்பலேறிய பிறகு அங்கிருந்த டிலிங்கிட் மக்கள் அந்தச் சிலுவையைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டு முன்னால் நட்டுக்கொண்டார்கள். எடுத்த தண்ணீருக்கு விலை கொடு என்றும் கேட்டார்கள். மௌரெலே இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். இது யார் இடம் என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

திரும்பும் வழியில் ஆகஸ்ட் 24 புகாரெலி விரிகுடா, அக்டோபர் 3 கலிபோர்னியாவில் இன்றும் அவர் பெயரோடு இருக்கும் போடேகா விரிகுடா. நவம்பர் 20 சான் பிளாஸ்.

ஆகஸ்ட் 28

பதினேழு வருஷத்தைத் தாண்டுகிறேன். நடுவில் இன்னொரு வடக்குப் பயணம், ஹவானா, காடிஸ், பிறகு சான் பிளாஸின் தலைமை அதிகாரி பதவி. எனக்கு முக்கியம் 1792.

வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் நூட்கா. 1789-ல் அங்கே எஸ்தேபான் ஹோசே மார்த்தினெஸ் என்ற ஸ்பானிய அதிகாரி ஆங்கிலேய வணிகக் கப்பல்களைப் பிடித்துவைக்க, இரண்டு நாடும் போர் விளிம்பு வரை போயின. கலிகம் என்ற உள்ளூர்த் தலைவரும் ஸ்பானியர் சுட்டு அதே வருஷம் இறந்தார். 1790 அக்டோபரில் ஒப்பந்தம். எதைத் திருப்பிக் கொடுப்பது என்று நேரில் பேசித் தீர்க்க ஸ்பெயின் தரப்பில் போடேகா, பிரிட்டன் தரப்பில் ஜார்ஜ் வான்கூவர். 1792-ல் இதே நாளில் வான்கூவர் வந்து நங்கூரம் போட்டார்.

ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சரக்குக் கப்பலில் வந்த டாப்சன் என்ற இளைஞன் கொஞ்சம் ஸ்பானியம் தெரிந்ததால் மொழிபெயர்ப்பாளன் ஆனான். கரையில் போடேகாவின் வீட்டில் ஐந்து வகை விருந்து, வெள்ளித் தட்டில். என்னைப் பிடித்தது அது இல்லை. ஆங்கிலேயக் கப்பல்களுக்குத் தினமும் சுடச்சுட ரொட்டியும் பாலும் காய்கறியும் அனுப்பினார். மாதக்கணக்கில் உப்புக்கண்டமும் புழுத்த பிஸ்கெட்டும் தின்றவனுக்குச் சூடான ரொட்டி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் கப்பலில் ஒருமுறை ஃப்ரீசர் கெட்டு இருபது நாள் டின் சாப்பாடு. கரை வந்ததும் பைலட் ஒரு தக்காளிக் கூடையோடு ஏறினார். அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 5

நூட்காவின் தலைவர் மக்கின்னா தினமும் போடேகாவின் மேஜையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கலிகம் செத்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த நம்பிக்கை ஒரே விருந்தில் வந்திருக்காது.

இந்த நாட்களில்தான் வான்கூவரும் போடேகாவும் படகுகளில் தாஷிஸ் வரை போய் மக்கின்னாவின் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்தார்கள். அங்கே முகமூடி ஆட்டம். முடிந்ததும் ஆங்கிலேய மாலுமிகள் குழலுக்குத் தங்கள் ஊர் ஆட்டம் ஆடிக் காட்டினார்கள். திரும்பும்போது போடேகா கேட்டார்: நம் இருவர் பெயரையும் சேர்த்து ஏதாவது துறைக்கோ தீவுக்கோ வையுங்கள், இந்தச் சந்திப்பு நினைவாக. வான்கூவர் அந்தப் பெரிய தீவுக்கே வைத்தார், குவாட்ரா வான்கூவர் தீவு என்று.

அதே மாதம் ஸ்பானியக் கப்பலில் வேலை செய்த ஒரு சிறுவன் கொல்லப்பட்டுக் கிடந்தான். மக்கின்னாவைப் பிடித்துத் தண்டியுங்கள் என்று சுற்றியிருந்தவர்கள் அழுத்தினார்கள். யார் செய்தது என்று தெரியாமல் கைவைக்க மாட்டேன் என்று போடேகா மறுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் நான் நின்று வணங்குவது இந்த இடத்தில்தான். ஏழு பேர் சாவதைத் தளத்தில் நின்று பார்த்தவர் அல்லவா?

செப்டம்பர் 22

1792-ல் இன்று போடேகா நூட்காவைவிட்டுக் கிளம்பினார். விஷயம் தீரவில்லை. ஆங்கிலேயர் குடிசை இருந்த சின்ன இடத்தை மட்டும் தருகிறேன் என்றார் அவர், முழுத் துறையும் வேண்டும் என்றார் வான்கூவர். அங்கிருந்த அமெரிக்க மாலுமிகள் கிரேயும் இங்கிரகாமும் குடிசை சின்னதுதான் என்று எழுதிக் கொடுத்தும் பயனில்லை. அவரவர் அரசுக்கு எழுதிக்கொள்வோம் என்று, சண்டை போடாமல் பிரிந்தார்கள்.

1794 மார்ச் 26, மெக்சிகோ நகரத்தில் இறந்தார். நீண்ட நாள் தலைவலி படுத்தியிருக்கிறது. மறு வருஷம் மார்ச்சில் ஸ்பானியர் நூட்காவைக் காலி செய்தார்கள். தீவின் பெயரில் குவாட்ரா போய் வான்கூவர் மட்டும் நின்றது. 1903-ல்தான் உள்பக்கம் இருக்கும் ஒரு தீவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

என்னோடு கப்பலில் வேலை செய்த தம்பி ஒருவன் இப்போது அந்த வழித்தடத்தில் கேப்டன். குவாட்ரா தீவு இருக்கும் சார்ட்டை (கடல் வரைபடத்தை) படமெடுத்து அனுப்பு என்று கேட்டிருந்தேன், நேற்று வாட்ஸ்அப்பில் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தெற்கு முனையில் மட்ஜ் முனை என்று போட்டிருக்கிறது. ஜக்கரி மட்ஜ், வான்கூவரின் முதல் லெப்டினன்ட். போடேகாவோடு பேசி முடியாமல் போன அந்த விவகாரத்தின் காகிதங்களை நூட்காவிலிருந்து சீனா வழியாக லண்டனுக்குக் கொண்டுபோனவர் அவர்தான்.

சார்ட்டைப் பிரிண்ட் எடுத்து பழைய குறிப்பேட்டில், அந்தக் கேள்வி இருக்கும் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.