ஆரல்வாய்மொழி – நெடுமங்காடு சாலை: ஜூன் மாதக் குறிப்புகள்

2024 ஜூன் 8, சனி

கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் மேற்கே பிரியும் இந்த மாநில நெடுஞ்சாலை, நாகர்கோவிலைத் தொடாமல், செண்பகராமன்புதூர், திட்டுவிளை, அழகியபாண்டியபுரம், சுருளகோடு, குலசேகரம் என மலையடிவார ஊர்களைக் கோத்துக்கொண்டு கேரளத்து நெடுமங்காட்டை நோக்கிப் போகிறது. 1809இல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க வந்த ஆங்கிலேயப் படை அந்நாட்டுக்குள் புகுந்ததும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத்தான். இன்று அதே வாசலில் ஜல்லியும் எம்-சாண்டு என்னும் செயற்கை மணலும் ஏற்றிய டாரஸ் கனரக லாரிகள் வரிசையாக நுழைகின்றன.

2024 ஜூன் 10, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்திருக்கின்றன. காலை எட்டரை மணிக்குத் திட்டுவிளைச் சந்திப்பில் நின்றேன். சாலையின் இருபுறமும் கடைகள்; கடை வாசலை ஒட்டி இருசக்கர வாகனங்கள்; பேருந்து நின்றுவிட்டால், எதிரே வரும் லாரி ஒதுங்குவதற்கு இடமில்லாமல், சைக்கிளில் வரும் பிள்ளைகள் சாக்கடைக் கல்லின்மேல் இறங்கி நிற்க வேண்டியதாகிறது. பெயரில் நெடுஞ்சாலையானாலும் இவ்விடத்தில் இது ஒரு கடைத்தெருதான். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டி இதை ஒட்டியே இருக்கிறது. அவ்வூர் மக்களுக்கும் அன்றாடச் சந்தை, மருந்து, பேருந்து எல்லாம் இங்கேதான். கடைகளை இடித்துச் சாலையை அகலப்படுத்தினால் லாரிகளின் வேகம் கூடுமே தவிர, நடப்பவருக்கு எந்த நன்மையும் வராது என்பது என் உறுதியான எண்ணம்.

2024 ஜூன் 15, சனி

சுருளகோட்டுக்கு அப்பால் நெல்வயல் குறைந்து ரப்பர் தோட்டங்கள் தொடங்குகின்றன. குலசேகரத்தில் மீண்டும் அதே நெரிசல்.

2024 ஜூன் 18, செவ்வாய்

திட்டுவிளைக்குப் புறவழிச்சாலை போட்டால் தீர்ந்தது என்று நண்பர் ஒருவர் சொன்னார். எங்கே போடுவது என்பதுதான் என் கேள்வி. ஒருபுறம் மலை, மறுபுறம் பழையாற்றுப் பாசன ஏலாக்கள் என்னும் வயற்பரப்புகளும் குளங்களும். 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் நீர் தோவாளைச் சானல் வழியாக இந்த வட்டத்து வயல்களுக்கு வருகிறது. உயர மண்ணடித்த சாலை ஒன்று ஏலாவின் குறுக்கே போனால், மேல்வயலில் நீர் தேங்கும், கீழ்வயல் காயும். குழாய்ப் பாலங்கள் இரண்டு வைத்து அதைச் சரிசெய்துவிட முடியாது. இந்த மாவட்டத்தில் குளமும் வயலும் வீட்டுமனையானது போதும்.

2024 ஜூன் 24, திங்கள்

மக்கள் குறைதீர் நாளில், நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் கனரக லாரிகள் ஊர்களுக்குள் வராதபடி நிறுத்த வேண்டும், திட்டுவிளையிலும் குலசேகரத்திலும் சாக்கடையை மூடி நடைபாதை ஆக்க வேண்டும், பேருந்து நிற்பதற்குத் தனி ஒதுக்கிடம் வேண்டும் என்று எழுதியிருந்தேன். பெரும் செலவுள்ள வேலைகள் அல்ல இவை. நிலம் எடுக்கவும் தேவையில்லை. மனுவின் நகலைத் திட்டுவிளைக் கடைக்காரர்களிடம் நாளை கொடுத்து, வாசலில் நிறுத்தும் வண்டிகளை அவர்களே ஒழுங்குபடுத்த இசைவார்களா என்று கேட்க வேண்டும்.