ஜாலி கிரீன் 67: மண்ணிலிருந்து ஆறு பேர் திரும்பி வர எடுத்த 25 ஆண்டுகள்

1972 ஏப்ரல் 6ஆம் தேதி பிற்பகலின் கடைசியில், தெற்கு வியட்நாமின் குவாங் ட்ரி மாகாணத்தில், காம் லோ ஆற்றுப் பகுதியில் ஒரு எச்.எச்.-53சி மீட்பு ஹெலிகாப்டர் விழுந்து எரிந்தது. அதன் அழைப்புப் பெயர் ஜாலி கிரீன் 67. டா நாங் தளத்திலிருந்த அமெரிக்க விமானப்படையின் 37ஆவது மீட்புப் பிரிவைச் சேர்ந்தது. உள்ளே ஆறு பேர்: விமானி பீட்டர் சாப்மன், துணை விமானி ஜான் கால், ஃப்ளைட் இன்ஜினியர் ராய் பிரேட்டர், 'பிஜே' எனப்படும் பாராஷூட் மீட்பு வீரர்கள் ஆலன் ஏவரி, வில்லியம் பியர்சன், படப்பிடிப்புப் பிரிவிலிருந்து உடன் சென்ற ஜேம்ஸ் ஆலி.

விழுந்த நேரம் தெரியும். மேலே சுற்றிக்கொண்டிருந்த விமானிகள் கண்ணால் பார்த்தார்கள். அப்படியிருந்தும் அவர்களின் எச்சங்கள் மீட்கப்பட்டது 1994இல். இன்னார் என்று உறுதியானது 1997இல். இவ்வளவு காலம் எதற்குப் போனது என்று பார்த்தால், ஒரு ஹெலிகாப்டர் எப்படி விழுகிறது, எரிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது, அதை எப்படித் தோண்டுகிறார்கள் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலில், அவர்கள் யாரைக் காப்பாற்றப் போனார்கள்? தெற்கு வியட்நாம் மீது வடக்கு வியட்நாம் நடத்திய, ஈஸ்டர் தாக்குதல் எனப்படும் பெரும் படையெடுப்பு மார்ச் 30ஆம் தேதி தொடங்கியது. ஏப்ரல் 2 அன்று ஒரு ஈபி-66 மின்னணுப் போர் விமானத்தை எஸ்.ஏ.-2 ஏவுகணை வீழ்த்தியது. ஆறு பேரில் பாராஷூட்டில் உயிரோடு இறங்கியவர் 53 வயதான ஐசீல் ஹாம்பிள்டன் ஒருவர்தான். அவர் இறங்கிய இடம் முன்னேறிக்கொண்டிருந்த படையின் நடுவே. அன்றே உதவிக்குப் போன புளூ கோஸ்ட் 39 என்ற ராணுவ ஹியூயி ஹெலிகாப்டர் சுடப்பட்டது. மூவர் இறந்தனர், ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார். மறுநாள் ஒரு ஓவி-10 கண்காணிப்பு விமானம் விழுந்தது. அதிலிருந்த இருவரில் ஒருவர் பிடிபட, மார்க் கிளார்க் என்பவர் ஒளிந்துகொண்டார். ஆக ஏப்ரல் 6 அன்று தரையில் காத்திருந்தவர்கள் இருவர்.

இந்தத் தொழிலின் ஆபத்து முழுவதும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. ஹெலிகாப்டர் நிற்க வேண்டும். போர் விமானம் வேகத்தால் தப்பிக்கிறது. மீட்பு ஹெலிகாப்டருக்கு அந்த வசதி இல்லை. எச்.எச்.-53சியில் ஆளைத் தூக்கும் வின்ச்சில் ஏறத்தாழ 76 மீட்டர் கம்பி உண்டு. அதன் நுனியில் மரக்கிளைகளை ஊடுருவி இறங்கும்படி கூர்மையாகச் செய்த, மூன்று மடக்கு இருக்கைகள் கொண்ட உலோகக் கருவி. கம்பி இறங்கி, தரையில் இருப்பவர் இருக்கையை விரித்து அமர்ந்து, வாரை மாட்டி, மேலே வந்து சேரும்வரை நிமிடக்கணக்கில் ஹெலிகாப்டர் அசையக் கூடாது. கீழே இருப்பவருக்குக் கால் ஒடிந்திருந்தால் ஒரு பிஜே இறங்கித்தான் அவரைக் கட்ட வேண்டும், நேரம் இரட்டிப்பாகும். கம்பி மரத்தில் சிக்கினால் அதைத் துண்டிக்க ஒரு வெட்டுக் கருவியும் வின்ச்சிலேயே இருந்தது. கம்பியில் ஆள் தொங்கும்போது அதை இயக்க நேர்வது எப்படிப்பட்ட முடிவு என்பதை யோசித்துப் பாருங்கள்.

நிற்பதற்கே எஞ்சினின் பெரும்பகுதித் திறன் போய்விடுகிறது. முன்னோக்கிப் பறக்கும்போது ரோட்டருக்குள் புதுக் காற்று வந்துகொண்டே இருப்பதால் தூக்குவிசை எளிதில் கிடைக்கும். அந்தரத்தில் நிற்கும்போது ரோட்டர் தானே கீழே தள்ளிய காற்றிலேயே உழல வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் வெயில் நாட்டில் நிலைமை இன்னும் மோசம். எடையைக் குறைக்க, நெருங்கும் முன் எரிபொருளில் ஒரு பகுதியைக் கொட்டுவார்கள், பக்கவாட்டு டாங்குகளைக் கழற்றி விடுவார்கள். டைட்டானியம் கவசத் தகடுகளும், மூன்று 7.62 மி.மீ. மினிகன் இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. ஆனால் அந்தக் கவசம் எல்லா இடத்தையும் மூடாது. ரோட்டர் தலைக்கு அருகே ஹைட்ராலிக் குழாய்கள் நெருக்கமாகப் போகின்றன. வால் ரோட்டரைச் சுழற்றும் தண்டு வால்பகுதியின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அது துண்டானால் ஹெலிகாப்டர் தன்னைத்தானே சுற்ற ஆரம்பிக்கும். தாழ்வாக இருக்கும்போது பாராஷூட் விரிய இடமும் கிடையாது.

அன்று காலை முதல் அந்தப் பகுதியில் குண்டு பொழிந்திருந்தார்கள். 'சாண்டி' என்று அழைக்கப்பட்ட ஏ-1 ஸ்கைரெய்டர் விமானங்கள் வழி சுத்தமாகிவிட்டதா என்று தாழப் பறந்து சோதித்தன. ஜாலி கிரீன் 67 ஆற்றைக் கடந்து ஹாம்பிள்டனை நெருங்கியபோது நாலா பக்கமிருந்தும் துப்பாக்கிச் சூடு. வெளியேறச் சொல்லி சாண்டி விமானிகள் வானொலியில் கத்தினார்கள். ஹெலிகாப்டர் திரும்பியது; திரும்பிய வழியிலும் துப்பாக்கிகள் இருந்தன. பாகங்கள் பிய்ந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்து எரிந்தது. யாரும் உயிரோடு வெளியே வரவில்லை.

குண்டுவீச்சுக்குப் பின் நிலவும் அமைதியை நம்பியதுதான் பிழை என்பது என் கருத்து. பயிற்சி பெற்ற படை, தாழப் பறக்கும் சிறு விமானத்தைச் சுட்டுத் தன் இடத்தைக் காட்டிக்கொடுக்காது. பெரிய இலக்கு வேகம் குறையும்வரை காத்திருக்கும். ஆகவே சோதனை விமானம் சுடப்படாமல் திரும்பியது என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. இந்தப் பாடத்துக்கு விலை ஆறு உயிர்.

மறுநாள் இன்னொரு ஓவி-10 விழுந்தது. அந்த மீட்புக்கு இனி ஹெலிகாப்டர் இல்லை என்று முடிவானது. பிறகு தாமஸ் நோரிஸ் என்ற, அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' சிறப்புப் படை அதிகாரியும் நுயென் வான் கியெட் என்ற வியட்நாமியக் கடற்படை வீரரும் இரவில் ஆற்று வழியே போனார்கள். முதலில் கிளார்க்கையும், அடுத்து மீனவர் வேடத்தில் படகு வலித்துப் போய் ஹாம்பிள்டனையும் கொண்டுவந்தார்கள். நோரிஸுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர், கியெட்டுக்கு அமெரிக்கக் கடற்படை விருதான நேவி கிராஸ் கிடைத்தன. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆற்றோரம் கிடந்த ஆறு பேரைப் பற்றி அதிகம் பேச்சில்லை.

காணாமல் போனவர் என்பது ஒரே சொல் போலத் தெரிந்தாலும் ராணுவப் பதிவில் இரண்டு வகை. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதவர் ஒருவகை. இறந்தது உறுதி, ஆனால் உடல் கிடைக்கவில்லை என்பது மற்றொரு வகை. மீட்பு ஹெலிகாப்டர் குழுக்கள் பெரும்பாலும் இரண்டாவதில் அடங்கும், ஏனெனில் அவை தனியாகப் போவதில்லை: மாற்று ஹெலிகாப்டர், சாண்டிகள், எரிபொருள் நிரப்பும் எச்.சி.-130 என்று பார்க்கும் கண்கள் பல. ஆனால் பார்த்த இடத்துக்கும் வரைபடத்தில் குறித்த இடத்துக்கும் வித்தியாசம் இருக்கும். மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, காகித வரைபடத்தில் விரல் வைத்துச் சொன்ன எண் அது.

அடுத்த தடை அரசியல். 1973இல் தேடுதலுக்கென்று அமெரிக்கப் படைகளின் கூட்டு மையம் ஒன்று அமைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆயுதமின்றித் தேடப்போன குழுவைப் பதுங்கியிருந்து தாக்கி ஒரு அமெரிக்க கேப்டனைக் கொன்றார்கள், களப்பணி நின்றது. வியட்நாம் மண்ணில் அமெரிக்கர்களும் வியட்நாமியர்களும் சேர்ந்து செய்த முதல் அகழ்வு 1985இல்தான் நடந்தது. முழுநேரக் கள அமைப்பு ஒன்று 1992 ஜனவரியில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் மழையும் உழவும் பழைய இரும்பு வியாபாரமும் நிற்கவில்லை.

விழுந்து கிடந்த விமானங்களை ஊர்மக்கள் பிரித்து விற்ற இந்த இரும்பு வியாபாரத்தைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. போரில் எல்லாவற்றையும் இழந்த கிராமத்துக்கு அலுமினியம் காசு, பாத்திரம், கூரை. ஆனால் அகழ்வுக்குப் போகிறவருக்கு அதனால் வரும் சிக்கல் பெரியது. தகடுகள் போனபின் நிலத்தின் மேல் அடையாளம் எதுவும் இருக்காது. அப்போது நம்பக்கூடியது ஊர்ப் பெரியவர்களின் நினைவு மட்டுமே. எந்தப் பகுதியைக் கழற்றினீர்கள், எலும்பு பார்த்தீர்களா, எங்கே புதைத்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பார்கள். கூட்டமாகக் கேட்டால் எல்லோரும் முதலில் பேசியவரின் பதிலையே சொல்வார்கள்.

இடம் உறுதியானதும் முதலில் இறங்குவது வெடிபொருள் நிபுணர். குவாங் ட்ரி மண்ணில் வெடிக்காத குண்டுகள் ஏராளம். அதன் பிறகு மெட்டல் டிடெக்டர். சிதறல் எங்கே அடர்த்தி என்று சிறு கொடிகள் நட்டு, கயிறு கட்டி 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்கள் போடுவார்கள். தடய மானிடவியலாளர் ஒருவர் பொறுப்பில் இருப்பார். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுடன் ஊர்மக்கள் பல பத்துப் பேர் கூலிக்கு நின்று, வாளி வாளியாக மண்ணைக் கைமாற்றுவார்கள். ஒவ்வொரு வாளியும் கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் விழும். களிமண் என்றால் காய்ந்து உருண்டையாகிவிடும். உருண்டைக்குள் பல் இருந்தால் யாருக்கும் தெரியாது. எனவே பம்ப் வைத்து நீர் பீய்ச்சிக் கரைக்கிறார்கள். நிறம் மாறாத, எதுவும் கலக்காத மண் வரும்வரை தோண்டி, அதற்கப்பால் எதுவும் கிடைக்காத கட்டங்கள் சுற்றிலும் வந்தால்தான் வேலை முடிந்தது என்று எழுதுவார்கள்.

சல்லடையில் விழுவது என்ன? ஸிப், பூட்ஸ் அடி, ஹெல்மெட் துண்டு, கவச உடையின் சில்லு, பாகத்தின் வரிசை எண் தகடு. இவற்றை வைத்து இது எந்த வகை ஹெலிகாப்டர், இருக்கையில் ஆள் இருந்தாரா என்று சொல்ல முடியும். எலும்புதான் கடினம். அந்தக் காலத்து ஹெலிகாப்டர்களின் கியர்பாக்ஸ் உறைகளில் மக்னீசியம் உண்டு. பற்றினால் வெண்மையாகக் கொழுந்துவிட்டு எரியும், அணைப்பது மிகக் கடினம். அத்தகைய சூட்டில் எலும்பிலுள்ள புரதம் எரிந்து, வெளிறிய சுண்ணாம்புத் துண்டு மிஞ்சும். அதில் மரபணு கிடைக்காது. தப்பிப் பிழைத்ததையும் வெப்பமண்டலத்தின் அமில மண் அரிக்கும். பல் மட்டும் எனாமல் பாதுகாப்பால் தாக்குப்பிடிக்கும். பணியில் சேர்ந்தபோது எடுத்த பல் எக்ஸ்ரே இருந்தால், ஒரு பல்லின் நிரப்பல் வடிவத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

பல் இல்லையென்றால் மைட்டோகாண்ட்ரியா மரபணு. இது தாயிடமிருந்து மட்டுமே வருவது. அம்மா, உடன்பிறந்தவர்கள், தாய்மாமன், பெரியம்மா, சித்தி, பெரியம்மா சித்தி பிள்ளைகள் ஆகியோரின் மாதிரி பயன்படும். தாய்மாமன் பிள்ளைகளின் மாதிரி பயன்படாது; சித்தப்பா, அத்தை வழியும் ஆகாது. இறந்தவரின் சொந்த மகனின் மாதிரிகூட இந்தச் சோதனைக்கு உதவாது, ஏனெனில் மகனுக்கு வந்தது அவன் தாயின் மரபணு. ஆண்டுகள் ஓட ஓட, மாதிரி தரக்கூடிய அந்தச் சிறு வட்டத்தில் உள்ளவர்களும் ஒவ்வொருவராக இறந்துபோகிறார்கள். தாமதத்தின் உண்மையான விலை இதுதான்.

ஜாலி கிரீன் 23 என்ற எச்.எச்.-3ஈ ஹெலிகாப்டரின் கதை இன்னும் நீண்டது. 1968 ஜூன் 9 அன்று, ஹூவே நகருக்கு மேற்கே, அடிபட்ட ஒரு மரைன் விமானியை மீட்கப் போய் நால்வரோடு எரிந்தது. அதை ஓட்டிய ஜாக் ரிட்டிக்கியர் அமெரிக்கக் கடலோரக் காவல்படையிலிருந்து பரிமாற்ற முறையில் வந்தவர். வியட்நாம் போரில் அந்தப் படையில் காணாமல் போனவர் அவர் ஒருவர் மட்டுமே. நால்வரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டது 2003இல், 35 ஆண்டுகள் கழித்து.

தேடுகிறவர்களும் செத்திருக்கிறார்கள். 2001 ஏப்ரல் 7 அன்று குவாங் பின் மாகாணத்தில், அகழ்வுக்கு முன்னேற்பாடு செய்யப் போன எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் மலையில் மோதியது. 7 அமெரிக்கர்கள், 9 வியட்நாமியர்கள் இறந்தார்கள். தங்கள் சொந்தப் படையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் உடல்களை இன்னும் தேடும் நாடு வியட்நாம். அந்த மக்கள்தான் அமெரிக்கர்களுக்காக வாளியில் மண் சுமந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது.

எரிந்த ஹெலிகாப்டரில் ஒருவருடைய எலும்பும் மற்றவருடையதும் கலந்தே கிடைக்கும். பிரிக்க முடிந்ததைப் பெயரிட்டுக் குடும்பத்திடம் கொடுக்கிறார்கள். பிரிக்க முடியாததை ஒரே பெட்டியில் வைத்து, எல்லாப் பெயர்களையும் ஒரே கல்லில் பொறிக்கிறார்கள். ஜாலி கிரீன் 67இன் ஆறு பேரும் 1997இல் அர்லிங்டன் தேசியக் கல்லறையில் சேர்ந்தே அடக்கம் செய்யப்பட்டார்கள்.