மெலிந்த மத்திகள்

மத்தியின் வயிற்றைக் கீறியதும் என் கண் முதலில் போவது குடலைச் சுற்றியிருக்கும் கொழுப்பின் மேல்தான். நல்ல இரை கிடைத்த மீன் என்றால் குடலே தெரியாத அளவுக்கு வெள்ளையாகப் படிந்திருக்கும். பட்டினி கிடந்த மீனில் குடல் நூல் மாதிரி தனியாகத் தெரியும். மீன்வள ஆய்வுக்கூடத்தில் என் வேலையே இதுதான்: நீளம் அளப்பது, எடை போடுவது, சினை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று குறிப்பது, தலைக்குள் இருக்கும் செவிக்கல்லை எடுத்து வளையங்களை எண்ணி வயது சொல்வது.

என் வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள்கூட ‘எவ்வளவு மீன் கிடைக்கிறது?’ என்றுதான் கேட்கிறார்கள். கிடைத்த மீன் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. கூட்டம் கூட்டமாக மீன் இருக்கும்போதே உடம்பு இளைத்துப்போவதுண்டு.

அதற்காக மெலிந்த மீனைப் பார்த்ததும் கடலில் கோளாறு என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. முட்டையிட்டு முடித்த மத்தி எப்படியும் இளைத்துத்தான் இருக்கும். சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் சினைக்குப் போயிருக்கும். அதே நீளமுள்ள மீனை, முந்தைய ஆண்டுகளில் அதே மாதத்தில் பிடித்த மீனோடு ஒப்பிட்டால்தான் விஷயம் பிடிபடும்.

இதற்கு நான் அடிக்கடி எடுத்துச் சொல்வது மத்தியதரைக் கடலின் லயன் வளைகுடாவை. 2008 வாக்கிலிருந்து அங்கே மத்திகள் சிறுத்து, மெலிந்துபோயின. வயதான மீன்களைக் காண்பதே அரிதானது. அளவுக்கு மீறிப் பிடித்ததாலா, பெரிய மீன்கள் தின்றதாலா, வைரஸா, ஒட்டுண்ணியா என்று ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. கடைசியில் சந்தேகம் இரையின் மேல் விழுந்தது. மத்தி தின்னும் மிதவை உயிரிகளில் பெரியவை குறைந்து சிறியவை மிகுந்திருக்கலாம் என்று நினைத்தார்கள்.

தொட்டியில் மத்திகளை வளர்த்துச் சோதித்தபோது இது இன்னும் தெளிவானது. பெரிய இரை என்றால் மத்தி ஒவ்வொன்றாகக் கவ்வித் தின்னும். பொடி இரை என்றால் வாயைத் திறந்தபடியே நீந்தி, செவுளில் வடிகட்டித் தின்ன வேண்டும். அந்த நீச்சலுக்கே நிறையத் தெம்பு போய்விடுகிறது. பெரிய இரை தின்ற மீனின் உடல்நிலையை எட்ட, பொடி இரை தின்ற மீனுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு உணவு தேவைப்பட்டது. வயிறு காலியாக இல்லாமலே ஒரு மீன் இளைக்க முடியும் என்பதை நான் இதில்தான் முழுதாகப் புரிந்துகொண்டேன். நீர் சூடேறினாலோ நிலைமை இன்னும் மோசம். உடம்புக்கு வேண்டிய ஆற்றல் கூடும், மிதவை உயிரிகளோ பெரும்பாலும் சிறுத்துப்போகும்.

இதெல்லாம் மெதுவாக நடப்பது. ஆக்சிஜன் குறைந்தால் கதை ஒரே இரவில் முடிந்துவிடும். ஐஸ்லாந்தில் கோல்கிராபா என்ற ஃபியோர்டுக்குள், அதாவது நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல் கழிக்குள், குளிர்காலத்தில் ஹெர்ரிங் மீன்கள் பெருங்கூட்டமாக ஒதுங்கின. 2012 டிசம்பரிலும் 2013 பிப்ரவரியிலும் சுமார் 50,000 டன் மீன் அங்கே மூச்சுத்திணறிச் செத்தது. நெருங்கி நீந்துவது எதிரியிடமிருந்து காப்பாற்றும். அடைபட்ட நீரில் அந்த நெருக்கமே இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

அப்புறம் காற்று. கரையோரக் காற்று மேல்நீரைத் தள்ளும்போது அடியிலிருந்து சத்துள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். நெத்திலிக்கும் மத்திக்கும் வாழ்வே அதுதான். பெருவில் 1970-இல் 1.2 கோடி டன்னைத் தாண்டியிருந்த நெத்திலிப் பிடிப்பு, பசிபிக் நீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறும் எல் நினோ 1972-73-இல் வந்த பிறகு 20 லட்சம் டன்னளவுக்குச் சரிந்தது. அளவில்லாமல் பிடித்ததும் அதில் சேர்ந்துகொண்டது. காற்று பலமாக வீசினாலும் ஆபத்துதான்: குஞ்சுகள் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படும், இரையும் சிதறிவிடும். நொடிக்கு 5, 6 மீட்டர் வேகக் காற்றில்தான் குஞ்சுகள் நன்றாகப் பிழைக்கின்றன என்று பல கடல்களை ஒப்பிட்ட ஆய்வு சொன்னது.

முதல் இரை கிடைக்காமல் செத்த குஞ்சு எதுவும் என் மேசைக்கு வருவதில்லை. பிழைத்து, வளர்ந்து, வலையில் சிக்கியதைத்தான் நான் அளக்கிறேன். அடுத்த ஆண்டு செவிக்கற்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஒரு வளையம் உள்ளவை மட்டும் குறைவாக இருக்கும். உடனே போன ஆண்டின் காற்றுப் பதிவுகளைத் தேடி எடுப்பேன்.