ஒரே பெயரில் இரண்டு கோப்பு: செம்பனை ஆலைத் தராசு நிரலை லினக்ஸில் பில்டு செய்த அனுபவம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலை. குலை ஏற்றி வரும் லோரிகளை எடைபோடும் சி நிரலை, பழைய விண்டோஸ் கணினியிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். எழுதிக்கொடுத்த தரப்பு சோர்ஸ் ஃபோல்டர்களை மட்டும் தந்தது. எப்படி பில்டு செய்வது, அதாவது சோர்ஸிலிருந்து ஓடும் நிரலை உருவாக்குவது என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "எங்க கம்ப்யூட்டர்ல ஓடுதே!" என்றுதான் பதில். நிரல் எழுதி வாங்கும்போதே, பில்டு செய்யும் விதிகள் அடங்கிய மேக்ஃபைலையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

முதல் தடை, சி கோப்புகள் இன்க்ளூட் செய்துகொள்ளும் ஹெடர் கோப்பு. ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ வந்தால் கம்பைலரிலேயே நின்றுவிட்டது என்று பொருள். ஹெடரைத் தேடும் இடத்தைச் சொல்லும் ‘மைனஸ் ஐ’ ஃபிளாக்கில் கொடுக்கும் பாதை, சி கோப்பு இருக்கும் இடத்திலிருந்து அல்ல, கட்டளை ஓடும் இடத்திலிருந்துதான் கணக்காகும். அதைச் சரிசெய்த பிறகும் ஒரு ஹெடர் அகப்படவில்லை. கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியது, இன்க்ளூட் வரியில் சின்னது. விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

பொழுதையெல்லாம் விழுங்கியது, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்கிறது. நிகர எடை கணக்கிடும் ஃபங்ஷனோ சோர்ஸில் கண்ணெதிரே இருக்கிறது. ஆப்ஜெக்டில் (கம்பைல் ஆகி வந்த கோப்பில்) உள்ள பெயர்களைப் பட்டியலிடும் ‘என்எம்’ கட்டளையை ஓட்டியதும் குட்டு வெளிப்பட்டது: மெயின் ஆப்ஜெக்டில் அந்தப் பெயருக்கு முன் யு, அதாவது தேடுகிறது. யுடில் ஆப்ஜெக்டில் டி, அதாவது ‘இங்கே இருக்கிறது’ என்ற குறி, இருக்க வேண்டிய இடத்தில் பெயரே இல்லை. சீரியல், ரசீது என்ற இரண்டு ஃபோல்டரிலும் யுடில்.சி இருந்தது. ஆப்ஜெக்டுகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் விழும்படி விபாத் (சோர்ஸைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வைத்து எழுதினால், மேக்ஃபைலை ஓட்டும் மேக் கருவி முதலில் அகப்பட்ட யுடில்.சியை மட்டும் எடுத்துக்கொள்ளும். மற்றது கம்பைல் ஆகவே ஆகாது, எச்சரிக்கையும் வராது. சோர்ஸில் உள்ள ஃபோல்டர் அமைப்பை அப்படியே பில்டு ஃபோல்டருக்குள்ளும் உண்டாக்குவதே சரியான வழி. மேக்ஃபைல் விதிக்குள், ஃபோல்டரை உண்டாக்கும் ‘எம்கேடிர் மைனஸ் பி’ போட்டுவிட்டால் போதும்.

ஹெடரில் தொடக்க மதிப்பின்றி வரையறுத்த பொது மாறி பல சி கோப்புகளுக்குள் வரும்போது எழும் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ பிழை, ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பிலிருந்து கண்டிப்பாகிவிட்டது. ஹெடரில் எக்ஸ்டர்ன் (அறிவிப்பு மட்டும்), ஒரே ஒரு சி கோப்பில் வரையறை. அவ்வளவுதான்.

பிழையே காட்டாத பிழைதான் ஆபத்து. ஹெடரில் உள்ள ஸ்ட்ரக்டில் (பல புலங்களின் தொகுப்பில்) ஒரு புலம் கூடியது; அதை இன்க்ளூட் செய்யும் கோப்புகளில் சில மட்டும் மறுபடி கம்பைல் ஆயின. பழைய ஆப்ஜெக்ட் பழைய இடத்திலேயே படிக்க, காலி லோரியின் எடை மொத்த எடையாக வந்து நின்றது. குலை விற்கும் சிறுதோட்டக்காரருக்கு அந்த எண்தான் காசு! ஜிசிசிக்கு ‘மைனஸ் எம்எம்டி மைனஸ் எம்பி’ கொடுத்து, எந்தக் கோப்பு எந்த ஹெடரைச் சார்ந்தது என்று சொல்ல உருவாகும் ‘புள்ளி டி’ கோப்புகளை மேக்ஃபைலில் இன்க்ளூட் செய்யுங்கள். முதல் பில்டில் அவை இருக்காது. அதனால் இன்க்ளூடுக்கு முன் ஒரு மைனஸ் கட்டாயம்.