அம்மாவின் விரலும் நூல்கண்டு வைரஸும்

சம்பா அறுப்பு முடிந்ததும் ஆடுகளை வயலில் விட்டோம். மன்னார்குடிப் பக்கம் எல்லோரும் செய்வதுதான். சில நாளில் இரண்டு குட்டிகளுக்கு உதட்டோரம் பொருக்குத் தட்டியது. அரிதாள் குத்தியிருக்கும் என்று அம்மா வாயைத் திறந்து பால் புகட்டினார்.

அடுத்த வாரம் அம்மாவின் ஆள்காட்டி விரலில் கொப்புளம். நடுவில் கறுத்துப் பொருக்காகிவிட்டது. ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு கோர்ஸ், பலனில்லை. ஒரு டாக்டர் "அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்குமோ?" என்றதும் வயிற்றில் புளியைக் கரைத்தது. நல்லவேளை, பரிசோதனையில் அந்தப் பாக்டீரியா இல்லை. அப்புறம் பார்த்த தோல் டாக்டர்தான், "வீட்டில ஆடு இருக்கா?" என்று கேட்டார். ஆட்டிலிருந்து தொற்றும் வைரஸ் என்று சந்தேகப்பட்டு, விரல் பொருக்கைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி, எலக்ட்ரான் நுண்ணோக்கி உள்ள சென்னை ஆய்வகம் ஒன்றுக்குக் கடிதம் கொடுத்தார்.

ஐஸ் பெட்டிக்கு அலைந்த என்னைப் பார்த்து அவர் சிரித்தார். இந்த வைரஸ் காய்ந்த பொருக்கில் மாதக்கணக்கில் தாங்குமாம். குப்பிக்குள் குப்பியாக அடைத்துத் தர, மன்னை எக்ஸ்பிரஸில் கிளம்பினேன்.

ஆய்வகத்தில் பொருக்கை அரைத்து, 3 மில்லிமீட்டர் செப்பு வலைத்தட்டில் ஒரு சொட்டு வைத்தார்கள். மேலே கறையாக பாஸ்போடங்ஸ்டிக் அமிலம். வடிதாளால் ஒற்றி எடுத்தார்கள். அவ்வளவுதான், கால் மணி நேர வேலை. திரையில் வண்ணம் எதுவும் இல்லை, எல்லாம் சாம்பல். கறை வைரஸில் ஏறுவதில்லை, சுற்றித்தான் தேங்குகிறது. கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் திட்டு மட்டும் தெரியுமே, அப்படி. முட்டை வடிவம், மேலே குறுக்கும் நெடுக்குமாக நூல் சுற்றிய மாதிரி வரிகள். அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் குடும்பம் இப்படி இருக்காது. இது பெரியம்மை வைரஸ் குடும்பத்தில் ஒரு கிளை.

பிசிஆர் என்ற மரபணுச் சோதனை, 'இந்த வைரஸ் இருக்கிறதா?' என்று நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இங்கே கேள்வியே தேவைப்படவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. ஆனால் குறையும் உண்டு. மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் வைரஸாவது இருந்தால்தான் கண்ணில் படும். புண் ஆறத் தொடங்கியபின் போயிருந்தால் வீண். மாட்டு மடியிலிருந்து தொற்றும் வைரஸும் இதே உருவம்தான். அம்மாவோ பசுவும் கறக்கிறார்! ஆடா மாடா என்பதைக் கடைசியில் பிசிஆர்தான் தீர்த்தது: ஆட்டிலிருந்து வரும் ஆர்ஃப்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பேரு என்னவோ இருக்கட்டும், விரலை எடுக்க வேணாம்ல?" என்றார்.

மருந்தே இல்லாமல் ஆறாவது வாரம் ஆறிவிட்டது. வாங்கிக் கொடுத்த கையுறை பரணில் கிடக்கிறது. குட்டிக்குப் பால் புகட்ட அம்மா கையில் கேரிபேக் கட்டிக்கொள்கிறார்.